ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள், ஏஜென்ட் அவருடைய சாலிசிட்டரையே எடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

முதல்_சாவி:

வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் ஏழு வருடமாக லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வாரம் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு 385,000 பவுண்டு சொன்னோம், விற்பவர் சரி என்றுவிட்டார். அன்று இரவு அவ்வளவு சந்தோஷம். மறுநாளிலிருந்து கவலை பிடித்துக்கொண்டது.

எஸ்டேட் ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். எங்கள் சாலிசிட்டரை (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீலை) எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வேலை சீக்கிரம் நடக்கும், வெளியாளைப் பிடித்தால் விற்பவர் மனசு மாறினாலும் மாறிவிடுவார் என்கிறார். நான் தனியாக மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் 850, ஒருவர் 1,400, இன்னொருவர் 2,300 சொன்னார். ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று புரியவில்லை. குறைந்ததை எடுத்தால் மாட்டிக்கொள்வோமா, கூடியதை எடுத்தால் ஏமாறுவோமா?

பணம் பற்றியும் ஒரு சந்தேகம். டெபாசிட்டில் பெரும்பகுதி எங்கள் சேமிப்பு. 30,000 பவுண்டு அப்பா ஊரில் ஒரு மனையை விற்று அனுப்புகிறார். இன்னொரு 8,000 நண்பர்களோடு கட்டிய சீட்டில் எடுத்தது. இதையெல்லாம் வக்கீலிடம் சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா?

வீடு லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட வருடத்துக்கு மட்டும் உரிமை), 87 வருடம் பாக்கி. அது நல்லதா கெட்டதா தெரியாது. கடைசியாக, இன்னொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் எங்களை விட்டுவிட்டுப் போக முடியுமா? வார்த்தை கொடுத்தாகிவிட்டதே.

இது எங்கள் முதல் வீடு. (ஊரில் அப்பா கட்டிய வீட்டை என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் எழுதி வைத்திருக்கிறார், அங்கே அப்பா அம்மாதான் இருக்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன்.) தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபைல்_கட்டு:

வாழ்த்துகள். நான் ஒரு சின்ன கன்வேயன்சிங் (வீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் சட்ட வேலை) அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நான் உங்கள் வக்கீல் இல்லை, அதனால் பொதுவாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை எப்படி என்று மட்டும் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

முதலில் ஏஜென்ட் விஷயம். அவர் சொல்கிற சாலிசிட்டரை எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. அவர்களிடம் சேவை வாங்கவில்லை என்பதற்காக ஒரு வாங்குபவரை ஒதுக்குவது எஸ்டேட் ஏஜென்ட்களுக்கு 1991-லிருந்தே தடை செய்யப்பட்ட நடத்தை. ஏஜென்ட் விற்பவரின் ஆள், சம்பளம் அங்கிருந்து வருகிறது. உங்களை ஒரு சாலிசிட்டரிடம் அனுப்பி வைப்பதற்கும் பெரும்பாலும் அவருக்கு ஒரு தொகை வரும், அதை ரெஃபரல் ஃபீ என்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் உங்களிடம் சொல்லியாக வேண்டும், அதனால் நேராகவே கேளுங்கள், எவ்வளவு என்றும் கேளுங்கள். ஏஜென்ட் சொல்கிற அலுவலகம் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை, நன்றாக வேலை செய்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த வியாபாரம் முடிந்தால் ஏஜென்டுக்குக் கமிஷன், கடன் தரகருக்குக் கமிஷன், விற்பவருக்குப் பணம். 'இந்த வீட்டை வாங்காதீர்கள்' என்று உங்களிடம் சொல்லக் கடமைப்பட்ட ஒரே ஆள் உங்கள் வக்கீல்தான். அந்த ஆளுக்கு அடுத்த ஃபைலும் அதே ஏஜென்டிடமிருந்துதான் வர வேண்டும் என்றால், அந்த வார்த்தையை எவ்வளவு தயங்காமல் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

விலை வித்தியாசம். 850 என்பது பெரும்பாலும் வக்கீல் கூலி மட்டும். அதன் மேல் 20 சதவீதம் வாட் வரும். லீஸ்ஹோல்ட் என்றால் தனியாக ஒரு தொகை, அப்பா கொடுக்கும் பணத்தைச் சரிபார்க்க ஒரு தொகை, வங்கிக்குப் பணம் அனுப்ப ஒரு தொகை, ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) படிவம் நிரப்ப ஒரு தொகை என்று ஏறிக்கொண்டே போகும். இதற்கு மேல் வெளியாருக்குக் கட்டுகிற செலவுகள்: கவுன்சில் சர்ச் (வீடு பற்றி உள்ளாட்சியிடம் உள்ள பதிவுகளைத் தேடிப் பார்ப்பது), தண்ணீர் வடிகால் சர்ச், சுற்றுச்சூழல் சர்ச், லேண்ட் ரெஜிஸ்ட்ரி கட்டணம். 2,300 சொன்னவர் இதையெல்லாம் சேர்த்தே சொல்லியிருக்கலாம். அதனால் மூன்று பேரிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: 'வீடு லீஸ்ஹோல்ட், கடன் உண்டு, பெற்றோர் பணம் உண்டு, இரண்டு பேர் பெயரில் வாங்குகிறோம், முதலிலிருந்து கடைசி வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு?' அப்போதுதான் ஒப்பிட முடியும். 'வீடு முடியாவிட்டால் கட்டணம் இல்லை' என்று விளம்பரம் செய்பவர்களிடமும் கவனம், அவர்கள் கூலி வாங்காமல் இருக்கலாம், சர்ச்சுக்குக் கட்டிய காசு திரும்பாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இவைதான். சாலிசிட்டர் என்றால் சாலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி பதிவேட்டில் இருக்க வேண்டும், லைசென்ஸ்டு கன்வேயன்சர் என்றால் அவர்களுக்கென்று இருக்கும் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் இந்த வேலையைச் செய்யலாம், லைசென்ஸ்டு கன்வேயன்சர் என்றால் தரம் குறைவு என்பது தவறான எண்ணம், அவர்கள் இந்த ஒரு வேலைக்கென்றே படித்தவர்கள். லா சொசைட்டியின் கன்வேயன்சிங் தர அங்கீகாரம் அலுவலகத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், உங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் பேனலில் (வங்கி ஏற்றுக்கொண்ட வக்கீல்கள் பட்டியலில்) அந்த அலுவலகம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். இல்லையென்றால் வங்கி தனக்கென்று வேறு வக்கீலை வைக்கும், அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில்தான் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: என் ஃபைலை யார் பார்ப்பார்கள், அவரிடம் நேரடி எண் உண்டா, அவர் விடுமுறையில் போனால் யார்? பதில் சொல்ல இழுத்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். எங்கள் தொழிலில் ஒருவர் கையில் நூற்றுக்கு மேல் ஃபைல் வைத்திருப்பதும் நடக்கிறது, அங்கே உங்கள் மின்னஞ்சல் குவியலுக்கு அடியில்தான் கிடக்கும்.

விலை விஷயத்தில் உங்கள் கடைசிக் கேள்வி. ஆமாம், விற்பவர் போக முடியும். நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டதாக இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் வரை, அதாவது எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை, இரண்டு பக்கமும் கட்டுப்பாடு இல்லை. புதிதாக வருகிற ஆஃபரையும் ஏஜென்ட் விற்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டைச் சந்தையிலிருந்து எடுத்துவிடும்படி ஏஜென்டிடம் எழுதிக் கேளுங்கள், சட்டப்படி அது விற்பவரைக் கட்டுப்படுத்தாது, இருந்தாலும் புதிதாகப் பார்க்க வருபவர்கள் குறைவார்கள்.

காணி_உறுதி:

தம்பி, பணம் பற்றிக் கேட்டீர்கள். கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா என்ற அந்த ஒரு வரியைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. முதல் வீடு வாங்கப் போனபோது எங்களுடைய காசில் ஒரு பங்கு சீட்டுக் காசு. மாதாமாதம் கையில் கொடுத்துக் கட்டியது, எடுத்ததும் கையில்தான். அதைக் கொண்டுபோய் வங்கியில் போட்டுவிட்டு, வங்கியில் இருக்கிறதுதானே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். சொலிசிட்டர் ஆறு மாத வங்கிக் கணக்கைக் கேட்டார், அந்தப் பெரிய தொகையில் விரலை வைத்தார். சீட்டு என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்தவே இரண்டு கிழமை போனது. காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி கூட என்னிடம் இல்லை. கடைசியில் அந்தக் காசை இந்தக் கொள்வனவுக்கு எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அதை ஒதுக்கிவிட்டு மறுபடி சம்பளத்தில் சேர்த்து முடிக்க ஐந்து மாதம், அதற்குள் அந்த வீட்டை வேறு ஆள் வாங்கிவிட்டார். அந்தத் தெருவால் போகும்போது இன்றைக்கும் மனைவி அந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள்.

அவர்கள் மீது கோபப்பட்டேன், பிறகுதான் விளங்கியது. பண மோசடித் தடுப்பு விதிகளின்படி காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் அந்த வக்கீலின் தொழிலே போய்விடும். சந்தேகம் வந்தால் அவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும், அறிவித்ததை எங்களிடம் சொல்லவும் கூடாது, அப்போது ஃபைல் ஏன் அசையவில்லை என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. ஆகவே முதல் நாளே, நீங்களாகவே, எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். சீட்டுக் காசு வங்கி வழியாகக் கட்டியதென்றால் நல்லது, மாதாமாதம் காசு போன வங்கிப் பதிவுகளை அச்செடுத்து அடையாளம் போடுங்கள். சீட்டைப் பிடிப்பவரிடம் யார் யார், எத்தனை மாதம், எந்த மாதம் உங்கள் முறை என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். கையில் கட்டியதென்றால் இப்போதே சொல்லி, அந்த 8,000 இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

அப்பா அனுப்பும் காசு. மனை விற்ற பத்திரம், விற்ற காசு அவர் கணக்கில் விழுந்த பதிவு, அங்கிருந்து உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக வந்த பதிவு, இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம்) அனுப்பச் சொல்லாதீர்கள், நாலு காசு மிச்சம் என்று பார்த்தால் வீடே போகும். 'இது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை' என்று அப்பா ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், அவருடைய அடையாள ஆவணமும் வேண்டும். உண்மையில் திருப்பிக் கொடுக்கும் கடன் என்றால் அன்பளிப்பு என்று எழுதாதீர்கள், அது வங்கிக்குச் சொல்லும் பொய், குற்றமாகிவிடும்.

இன்னொன்று. டெபாசிட் கட்டும் சமயத்தில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று சொலிசிட்டர் பெயரிலேயே மின்னஞ்சல் வந்தால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முதல் நாள் கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு நீங்களே எடுத்து, கணக்கு எண்ணை வாயால் வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு எடுக்கக் கூடாது.

வடக்கு_வாசல்:

எல்லாரும் வக்கீல் பற்றியே பேசிவிட்டீர்கள், கேள்வியில் அடைப்புக்குறிக்குள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதைப் படித்ததும் பகீர் என்றது, ஏனென்றால் என் தங்கைக்கு இதே விஷயம்தான் நடந்தது.

ஊர் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு! முதல் வீடு வாங்குபவருக்கான ஸ்டாம்ப் டியூட்டி சலுகை, உலகத்தில் எங்கேயும் இதற்கு முன் வீடு சொந்தமாக இல்லாதவருக்குத்தான். விலை கொடுத்து வாங்கியதா, எழுதி வைத்ததா, வாரிசாக வந்ததா என்பது கணக்கில்லை. பாதிப் பங்கும் பங்குதான். கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் இரண்டு பேருமே முதல்முறையாக இருக்க வேண்டும். (வெறும் காலி மனை என்றால் அது வீட்டுக் கணக்கில் வராது, உங்களுடையது கட்டிய வீடு.)

கணக்கைப் பாருங்கள், 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதத்தில். சலுகை இருந்தால் 300,000 வரை ஒன்றும் இல்லை, மீதி 85,000-க்கு 5 சதவீதம், 4,250 பவுண்டு. சலுகை இல்லையென்றால் 125,000-க்கு மேல் 250,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம், மொத்தம் 9,250. இதோடு நின்றாலும் பரவாயில்லை. உங்கள் பங்கின் இன்றைய மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டாவது வீடு என்ற கணக்கில் முழு விலைக்கும் இன்னும் 5 சதவீதம் சேரலாம். அது 19,250. ஆக 28,500 பவுண்டு! வாரிசாக வந்த பாதிக்கு மேற்படாத பங்குக்கு மூன்று வருடம் வரை ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்தது வாரிசுச் சொத்து ஆகாது. பத்திரத்தில் அப்பா அம்மா ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள், அது கணக்கை மாற்றலாம்.

மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் தப்பிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடுதல் 5 சதவீதத்தைப் பொறுத்தவரை சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள், பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும். பங்கின் மதிப்பு 40,000-க்குக் கீழே இருந்தால் கதை வேறு, ஆனால் அப்போது கடன் எப்படிக் கிடைக்கும், வீட்டில் உங்கள் உரிமை என்ன என்று வேறு கேள்விகள் வரும்.

என் தங்கை 'முதல் வீடுதானே' என்று படிவத்தில் ஆமாம் போட்டுவிட்டாள். ஊரில் பாட்டி எழுதி வைத்த பங்கு அவள் நினைவிலேயே இல்லை. அவள் எடுத்த அலுவலகமும் ஒரு டிக் பாக்ஸ் வைத்ததோடு சரி, 'இந்தியாவில், இலங்கையில், எங்கேயாவது உங்கள் பெயரில் கூரை இருக்கிறதா' என்று ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. பிறகு தெரிந்து, வரியையும் வட்டியையும் கட்டினாள். படிவத்தை வக்கீல் அனுப்பினாலும் அதில் உள்ளதற்கு வாங்குபவர்தான் பொறுப்பு, கம்ப்ளீஷன் (வீடு கைமாறுவது) ஆகி 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தயவு செய்து மறைக்கலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்பதிலேயே எந்த சாலிசிட்டரை எடுப்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல்_சாவி:

வடக்கு_வாசல் அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடனே தம்பிக்குப் போன் செய்தேன். அப்பா எழுதியது செட்டில்மென்ட் பத்திரம், ஐந்து வருடம் ஆகிறது. இப்போது விற்றால் என்ன வரும் என்று அங்கே இரண்டு பேரிடம் விசாரித்ததில் என் பங்கு 40,000 பவுண்டுக்கு நன்றாகவே கீழே இருக்கிறது, எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முதல் வீட்டுச் சலுகை போய்விட்டது, அதாவது 5,000 பவுண்டு கூடுதல். கஷ்டம்தான், இப்போதே தெரிந்தது பெரிய விஷயம்.

நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று பேருக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். 850 சொன்னவர்கள் ஊர் வீடு பற்றிய பத்தியைத் தொடவே இல்லை, 'ஆன்லைனில் பணம் கட்டித் தொடங்குங்கள்' என்று இணைப்பு வந்தது. 2,300 சொன்னவர்கள் இரண்டு நாளாகியும் பதில் இல்லை. 1,400 சொன்ன அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி அவரே போன் செய்து, பத்திரத்தின் நகலை மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள், அதைப் பார்க்காமல் வரி பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். லீஸ்ஹோல்டுக்கும் அப்பா பணத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்றும் எழுதி அனுப்பினார், வாட், சர்ச் எல்லாம் சேர்த்து 2,600 பக்கம் வருகிறது.

87 வருட லீஸ் பற்றி யாராவது சொல்வீர்களா?

நாலாவது_மாடி:

நான் லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீஸ்ஹோல்ட் என்றால் சுவருக்குள் இருக்கும் இடத்தை அத்தனை வருடத்துக்கு அனுபவிக்கும் உரிமையை வாங்குகிறீர்கள், கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்டருடையவை. 87 இன்றைக்குப் பிரச்சினை இல்லாத எண் போலத் தெரியும். ஆனால் ஏழு வருடம் அங்கே இருந்தால் 80 ஆகிவிடும், 80-க்குக் கீழே இறங்கினால் லீஸை நீட்டிக்கும்போது 'மேரேஜ் வேல்யூ' என்று ஒரு தொகை சேர்ந்து செலவு எகிறும். இதை நீக்குவதற்காக 2024-இல் ஒரு சட்டம் நிறைவேறியது, ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வராமல் இருக்கிறது, அதை நம்பி முடிவு எடுக்காதீர்கள். ஒரு நல்ல மாற்றம் மட்டும் வந்துவிட்டது: முன்பெல்லாம் வீட்டை வாங்கி இரண்டு வருடம் ஆனால்தான் நீட்டிக்கக் கேட்க முடியும், 2025 ஜனவரி 31 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை. அதனால் நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று இப்போதே ஒரு மதிப்பீடு வாங்கி, அதை வைத்து விலையைக் கொஞ்சம் குறைக்கப் பேசிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் வருடத்தைவிடப் பெரிய ஆபத்து சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் தொகை. நான் வாங்கும்போது வருடத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன், அது நியாயமாகவே இருந்தது. கூரை மாற்றப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கி பதினான்கு மாதத்தில் ஒரு கடிதம், என் பங்கு மட்டும் 11,000 பவுண்டு. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தால், கூரை வேலை வரப் போகிறது என்ற முதல் நோட்டீஸ் நான் வாங்குவதற்கு முன்பே போயிருக்கிறது. பெரிய வேலை என்றால், அதாவது ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வருகிறது என்றால், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துக் கலந்துபேச வேண்டும். அந்தக் காகிதம் கட்டட நிர்வாக நிறுவனம் கொடுத்த கோப்பில் இருந்தது, என் வக்கீல் அதைப் பிரித்துப் படித்திருந்தால் விற்பவரிடமிருந்து ஒரு தொகையைப் பிடித்து வைத்திருக்கலாம். முறையாகப் புகார் கொடுத்தேன். அலுவலகம் எட்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் (வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது. எனக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, முழுதும் இல்லை.

அதனால் உங்கள் சாலிசிட்டரிடம் எல்.பி.இ.1 என்ற படிவத்தை விற்பவர் எப்போது தருவார் என்று முதல் வாரமே கேட்கச் சொல்லுங்கள். கடந்த மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் கணக்கு, சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, வரப்போகும் வேலைகள், காப்பீடு எல்லாம் அதோடு வரும். பெரும்பாலும் தாமதமே இங்கேதான், நிர்வாக நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் இழுக்கும். கட்டடம் 11 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் வெளிச்சுவரின் தீப்பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று வங்கி கேட்கலாம். ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் தரை வாடகை எவ்வளவு, சில வருடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறதா என்பதையும் லீஸிலேயே பாருங்கள், இரட்டிப்பாகும் லீஸுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். பழைய லீஸ் என்பதால் உங்களுக்கு இது பொருந்தும், 2022 ஜூன் 30-க்குப் பிறகு போடப்பட்ட பெரும்பாலான புதிய லீஸ்களில் தரை வாடகையே கிடையாது. நாய் வளர்க்கலாமா, மரத்தரை போடலாமா, வாடகைக்கு விடலாமா என்பதும் லீஸில்தான் இருக்கும். ஒரு முறை முழுதாகப் படியுங்கள், அலுப்பாக இருந்தாலும்.

ஃபைல்_கட்டு:

நாலாவது_மாடி சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை. இன்னும் சில விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டினால் அந்த வீட்டின் பதிவேட்டு நகலை நீங்களே இறக்கிக்கொள்ளலாம். அரசாங்கத் தளத்தில் மட்டும் எடுங்கள், இதையே பல மடங்கு விலைக்கு விற்கும் தளங்கள் தேடினால் முதலில் வந்து நிற்கும். விற்பவர் பெயர்தான் உரிமையாளர் பெயரா, வேறு கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று அதில் தெரியும்.

வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்க்கிறார், உங்களுக்காக இல்லை. வீட்டின் குறையைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பொறுப்பு என்பதுதான் இங்கே பழைய விதி, அதனால் தனியாக ஒரு சர்வே செய்யுங்கள். வக்கீல் வீட்டைப் போய்ப் பார்க்க மாட்டார், இது பலருக்குத் தெரிவதில்லை. சமையலறைச் சுவரை இடித்து ஒன்றாக்கியிருப்பது, பால்கனியை மூடியிருப்பது மாதிரி ஏதாவது பார்த்திருந்தால் நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாத வேலை என்று தெரிந்தால் கவுன்சிலுக்கு நீங்களே போன் செய்துவிடாதீர்கள், வக்கீலிடம் சொல்லுங்கள். சில சமயம் அதற்கு ஒரு காப்பீடு எடுத்து முடிப்பார்கள், கவுன்சிலைத் தொடர்பு கொண்டுவிட்டால் அந்தக் காப்பீடு கிடைக்காது. ஆனால் காப்பீடு பணத்துக்குத்தான், இடித்த சுவர் பத்திரமா என்பதை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் நாளில் வழக்கமாக விலையில் 10 சதவீதம் டெபாசிட் கட்ட வேண்டும், 5 சதவீதத்துக்குப் பேசி வாங்குவதும் உண்டு. அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போகும், ஆகவே கடன் ஆஃபர் கடிதம் கையில் வராமல், சர்ச் முடிவுகள் வராமல், கேள்விகளுக்குப் பதில் வராமல் எக்ஸ்சேஞ்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும்.

நீங்களும் மனைவியும் எந்த வகையில் சேர்ந்து வாங்குகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்றால் ஒருவர் காலமானால் வீடு முழுதும் தானாக மற்றவருக்குப் போகும், உயில் என்ன சொன்னாலும். டெனன்ட்ஸ் இன் காமன் என்றால் அவரவர் பங்கு தனி, உயில்படி போகும், அப்போது உயில் எழுதுவது அவசியம். இதைக் கையெழுத்துப் போடும் அவசரத்தில் டிக் செய்யாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

முதல்_சாவி:

மிக்க நன்றி எல்லாருக்கும். இன்றைக்கு 1,400 சொன்ன அலுவலகத்துக்கே சரி சொல்லிவிட்டோம், பதிவேட்டில் பார்த்தேன், வங்கியின் பேனலிலும் இருக்கிறார்கள். ஏஜென்டிடம் ரெஃபரல் ஃபீ எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டேன், அதற்குப் பிறகு அவர் சாலிசிட்டர் பேச்சையே எடுக்கவில்லை, வீட்டையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

காணி_உறுதி அண்ணா, சீட்டில் கடைசி ஒன்பது மாதம்தான் வங்கி வழியாகக் கட்டினேன், அதற்கு முன்பு கையில் கொடுத்தது. அதை அப்படியே சாலிசிட்டரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்றார். மனைவியின் தங்க நகைக் கடன் வரை யோசித்தோம், கடைசியில் சோபா, கட்டில் எதையும் இப்போது வாங்குவதில்லை என்று முடிவு செய்ததும் கணக்கு சரியாகிவிட்டது.

எல்.பி.இ.1 கேட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் ஆகுமாம். கட்டடம் ஐந்து மாடி, கூரை எப்போது மாற்றினார்கள் என்பதையும் எழுதிக் கேட்கச் சொன்னேன்.

நாலாவது_மாடி:

கூரையோடு லிஃப்டையும் சேர்த்துக் கேளுங்கள்.